அப்பாவின் பங்குச் சான்றிதழில் "பத்து ரூபாய்" என்று அச்சிட்டிருந்தால் அதன் மதிப்பு பத்து ரூபாய்தானா?

நாகலூர் மிளகுக்கொடி:

வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறேன். கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, அவ்வளவுதான் சொத்து. அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. அம்மா, நான், தம்பி என்று மூன்று பேர் இருக்கிறோம்.

அவருடைய தகரப் பெட்டியில் எஸ்டேட் செக்ரோல் நோட்டுகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இரண்டு பங்குச் சான்றிதழ்கள் கிடைத்தன. ஒன்று 1994-இல் கொடுத்தது. கம்பெனி இன்றும் பங்குச் சந்தையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். "ஒவ்வொன்றும் பத்து ரூபாய் கொண்ட 200 பங்குகள், முழுத்தொகையும் செலுத்தப்பட்டது" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொன்று வேறு கம்பெனி. அதில் 100 பங்குகள், பங்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய், ஆனால் செலுத்தியது ஐந்து ரூபாய் என்று இருக்கிறது. இவை தவிர, மஞ்சள் துணிப்பையில் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் பதினான்கு. ஒரு சின்னப் பெட்டியில் தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நாணயம் ஒன்று.

தம்பி ஓசூரில் இருக்கிறான். "இருநூறு பங்கு, தலைக்குப் பத்து ரூபாய், ஆக இரண்டாயிரம். உனக்கு ஆயிரம் அனுப்பிவிடுகிறேன், காகிதத்தைக் கொரியரில் போடு" என்கிறான். "நோட்டில் போட்டிருக்கும் எண்தானே நோட்டின் மதிப்பு? பங்குக்கும் அதுதான் சட்டம், முக மதிப்பு என்று பெயரே அப்படித்தான்" என்று வாதம் வேறு. தோட்டத்துக் கூலிக் கணக்கு பேசக் கூப்பிட்டால் போனை எடுக்காதவன், இரண்டாயிரம் ரூபாய்க் காகிதத்துக்காகத் தினமும் கூப்பிடுவதுதான் எனக்கு இடிக்கிறது.

முக மதிப்பு என்றால் சட்டத்தில் என்ன? நோட்டுக்கும் பங்குக்கும் ஒரே பொருள்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அயோத்தியாப்பட்டினம் ராசா:

அக்கா, கம்பெனி பெயரைக் கூகுளில் அடித்தால் இன்றைய விலை வந்துவிடும். 200 ஆல் பெருக்குங்கள். முடிந்தது. இதற்கு எதற்குச் சட்டம்?


குகைக் கணக்கர்:

ராசா தம்பி, பெருக்கலில் தப்பில்லை. 200 என்ற எண்தான் இன்றைக்குச் சரியா என்று தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அம்மணி, முதலில் ஒன்று. சான்றிதழைக் கொரியரில் போடாதீர்கள். தம்பியிடமிருந்து ஆயிரம் ரூபாயும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் "கணக்கு முடிந்தது" என்று நாளைக்கு அவர் சொல்வார். இரண்டு சான்றிதழ்களையும் முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்து, ஃபோலியோ எண்ணை, அதாவது கம்பெனிப் பதிவேட்டில் அப்பாவின் கணக்கு எண்ணை, தனியாகக் குறித்து வையுங்கள்.

சேலம் குகையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை கணக்கு எழுதியவன் நான். உங்கள் தம்பி செய்வது புதிய தந்திரம் இல்லை. வீட்டுப் பத்திரத்தில் போட்ட தொகைதான் வீட்டின் விலை என்று வாதாடிய அண்ணன்மாரையும் பார்த்திருக்கிறேன்.

நோட்டிலும் ஓர் எண் இருக்கிறது, பங்கிலும் ஓர் எண் இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கேட்டுப் பார்த்தால் திசை தலைகீழாகிவிடும். ஐந்நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் எண், ரிசர்வ் வங்கி உங்களுக்குத் தரவேண்டிய தொகை. ஆளுநர் கையெழுத்துக்கு மேலே வாக்குறுதியே அச்சிட்டிருக்கிறார்கள். பங்கில் இருக்கும் பத்து ரூபாய் அப்படி இல்லை. அந்தப் பங்கை முதன்முதலில் வாங்குகிறவர் கம்பெனிக்குத் தரவேண்டிய குறைந்தபட்சத் தொகை அது. கம்பெனி உங்கள் அப்பாவுக்குப் பத்து ரூபாய் தருவதாக எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் அப்பா கம்பெனிக்குப் பத்து ரூபாய் தந்துவிட்டார் என்பதற்கு அது அத்தாட்சி.

அதனால் கம்பெனி வாசலில் போய் நின்று, "இதோ சான்றிதழ், பத்து ரூபாயைக் கொடு" என்று கேட்க முடியாது. கம்பெனி நடக்கும்வரை மூலதனத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை பங்குதாரருக்குக் கிடையாது. வேண்டுமானால் வேறொருவருக்கு விற்கலாம், அவர் என்ன விலை கொடுக்கிறாரோ அதுதான் விலை. தம்பியின் வாதம் கடன் பத்திரத்துக்குப் பொருந்தும். ஆயிரம் ரூபாய் முக மதிப்புள்ள கடன் பத்திரம் முதிர்ந்தால் அந்த ஆயிரம் திரும்ப வரவேண்டும். அங்கே கம்பெனி கடன்காரர். பங்கில் உங்கள் அப்பா பங்காளி.

பிறகு எதற்கு அந்த எண் என்று கேட்பீர்கள். கம்பெனிக்குக் கடன் கொடுப்பவர்களுக்காக. பங்குதாரரின் பொறுப்பு அவருடைய பங்கின் அளவோடு நின்றுவிடும் என்று சட்டம் சலுகை கொடுக்கிறது. கம்பெனி திவாலானால் அவருடைய வீட்டையும் தோட்டத்தையும் கேட்டு யாரும் வரமுடியாது. அந்தச் சலுகைக்குப் பதிலாக, பங்குக்கு என்று எழுதிய தொகை முழுசாக உள்ளே வந்தாகவேண்டும்.

இந்த விதி உறுதியான கதை நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. கோலார் தங்கவயலில் ஊரிகம் சுரங்கத்தை நடத்திய கம்பெனி லண்டனில் பதிவானது. நம் பக்கத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் பூமிக்குள் இறங்கி வேலை செய்த வயல் அது. ஒரு கட்டத்தில் கம்பெனிக்குப் பணமுடை. ஒரு பவுன் முக மதிப்புள்ள பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்குத்தான் போகிறது. முழுப் பவுன் கொடுத்து யார் புதுப் பங்கு வாங்குவார்கள்? ஆகவே ஒரு பவுன் முன்னுரிமைப் பங்குகளை வெளியிட்டு, பதினைந்து ஷில்லிங் ஏற்கெனவே செலுத்தியதாக வரவு வைத்துக்கொண்டார்கள். கையில் வாங்கியது ஐந்து ஷில்லிங் மட்டும். அந்தக் காலத்தில் பவுனுக்கு இருபது ஷில்லிங். வழக்கு அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போய், 1892-இல் தீர்ப்பு வந்தது: இது செல்லாது, பங்கை வைத்திருப்பவர்கள் மீதிப் பதினைந்து ஷில்லிங்குக்கும் பொறுப்பாளிகள். கம்பெனி நல்லெண்ணத்தோடுதான் செய்தது, ஏமாற்று வேலை இல்லை என்பதெல்லாம் எடுபடவில்லை. எழுதியது ஒரு பவுன் என்றால் வரவேண்டியதும் ஒரு பவுன்.

நம் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 53-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஊழியர்களுக்கு உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் பங்குகள் போன்ற விலக்குகள் போக, முக மதிப்புக்குக் கீழே பங்கு வெளியிடக் கூடாது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். பத்து ரூபாய்ப் பங்கை நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் பத்து ரூபாய் பங்கு மூலதனக் கணக்கில் ஏறும், மீதித் தொண்ணூறு பிரீமியம் கணக்கில் ஏறும். அந்தத் தொண்ணூறை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளியிட்ட பிறகு சந்தையில் அந்தப் பங்கு இரண்டு ரூபாய்க்குப் போனாலும் இரண்டு லட்சத்துக்குப் போனாலும் முக மதிப்பு அசையாது. சென்னை எம்ஆர்எஃப் பங்கின் முக மதிப்பும் பத்து ரூபாய்தான். 2023 ஜூனில் அது சந்தையில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. உங்கள் தம்பி அதைப் பத்து ரூபாய்க்கு வாங்கித் தருவதாக இருந்தால் சொல்லுங்கள், நான் ஐந்து ரோட்டிலிருந்து வரிசையில் நிற்கிறேன்.

இப்போது 200-க்கு வருகிறேன். 1994-இல் நம் நாட்டில் பங்கு என்றால் பத்து ரூபாய் அல்லது நூறு ரூபாய் முக மதிப்புதான். 1999-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஒரு ரூபாய்க்குக் குறையாமல், சில்லறைப் பைசா இல்லாமல், கம்பெனி விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அதற்குப் பிறகு ஏராளமான கம்பெனிகள் பத்து ரூபாய்ப் பங்கை இரண்டு ரூபாயாகவும் ஒரு ரூபாயாகவும் பிரித்துவிட்டன. உங்களுடையதை ஒரு ரூபாயாகப் பிரித்திருந்தால் கம்பெனிப் பதிவேட்டில் அப்பா பெயரில் 200 இல்லை, 2,000 பங்குகள் இருக்கும். நடுவில் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசமாக, கொடுத்திருந்தால் 4,000. கையில் இருக்கும் காகிதம் பழங்கதையாகியிருக்கலாம், பதிவேடுதான் பேசும். கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஃபோலியோ எண்ணைப் போட்டு ஒரு கடிதம் எழுதி, இன்றைக்கு எத்தனை பங்குகள், முக மதிப்பு எவ்வளவு, வழங்கப்படாத டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். தம்பி எதற்காகத் தினமும் கூப்பிடுகிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

டிவிடெண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. முக மதிப்பால் சாதாரண ஜனங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரர், "முந்நூறு சதவீத டிவிடெண்ட் தருகிறார்களாம், ஒன்று போட்டால் மூன்றாக வரும்" என்று கைத்தறிச் சங்கத்தில் வாங்கிய போனஸ் பணத்தோடு எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். அந்தப் பங்கின் முக மதிப்பு ஒரு ரூபாய். முந்நூறு சதவீதம் என்றால் மூன்று ரூபாய். பங்கின் விலையோ அறுநூறு ரூபாய். அறுநூறு போட்டு மூன்று ரூபாய் வாங்குவது அரை சதவீதம். பட்டியலிட்ட கம்பெனிகள் டிவிடெண்டை ஒரு பங்குக்கு இத்தனை ரூபாய் என்றுதான் அறிவிக்கவேண்டும் என்று செபி விதியே இருக்கிறது. ஆனாலும் சதவீதத்தில் பேசுவதை நம் ஆட்கள் விடவில்லை. பெரிய எண் என்றால் காதுக்கு இனிக்கிறது.


நாகலூர் மிளகுக்கொடி:

ஐயா, மிக்க நன்றி. இவ்வளவு விளக்கமாக எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பா யாருக்கும் பாக்கி வைத்தவர் இல்லை" என்றுதான் அவருக்கு முதலில் சொல்லத் தோன்றியது. அந்த ஐந்து ரூபாய்ச் சான்றிதழை நினைத்துத்தான் எனக்குப் பயம். மீதி ஐந்து ரூபாயை நாங்கள் கட்டவேண்டுமா? அப்புறம், தம்பி பெயரை அப்பா நாமினியாகப் போட்டிருந்தால் பங்கு முழுக்க அவனுக்கே போய்விடுமா? நோட்டும் நாணயமும் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.


அஸ்தம்பட்டி வக்கீல்:

நாமினி கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2023 டிசம்பர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பங்குக்கு நாமினியாக இருப்பவர் அதைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமைச் சட்டம்தான் தீர்மானிக்கும். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் வருபவர்கள் என்றால், உயில் இல்லாத நிலையில் அம்மா, மகள், மகன் மூவருக்கும் சம பங்கு. ஆகவே தம்பி போட்ட "ஆளுக்குப் பாதி" கணக்கும் தவறு. அம்மாவை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். காகிதப் பங்குகளை இப்போது விற்று மாற்ற முடியாது, 2019 ஏப்ரல் முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றுவது மட்டும் நடக்கும், அதுவும் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில்தான் வந்து சேரும். ஒரு கம்பெனியில் உள்ள காகிதப் பங்குகளின் மதிப்பு விண்ணப்பிக்கும் தேதியில் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நடைமுறை எளிது. வாரிசுச் சான்றிதழோடு மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதமும், பின்னால் நட்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்ற ஈட்டுறுதிப் பத்திரமும் கேட்பார்கள். தம்பி உங்களிடம் கேட்கப்போவது அந்த ஆட்சேபமின்மைக் கடிதத்தைத்தான். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


குகைக் கணக்கர்:

வக்கீல் சொன்னது சரி. ஐந்து ரூபாய்ச் சான்றிதழுக்கு நான் பதில் சொல்கிறேன்.

முக மதிப்பு உண்மையில் பல்லைக் காட்டுவது இந்த மாதிரிப் பங்கில்தான். பத்து ரூபாய்ப் பங்கில் ஐந்து ரூபாய் கட்டியிருக்கிறார். மீதி ஐந்தைக் கம்பெனி கேட்கும்போது கட்டுவேன் என்பது ஒப்பந்தம். நூறு பங்குக்கு ஐந்நூறு ரூபாய். அம்மா பயப்படவேண்டாம், முக மதிப்புக் கணக்கில் அதற்கு மேல் ஒரு ரூபாய் யாரும் கேட்க முடியாது. பொறுப்பின் எல்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

தொண்ணூறுகளில் பங்கு வெளியீடு என்றாலே திருவிழா. விண்ணப்பத்தோடு கொஞ்சம், ஒதுக்கீட்டின்போது கொஞ்சம், பிறகு அழைப்புத் தொகை என்று தவணையாக வாங்குவார்கள். அழைப்புத் தொகையைக் கட்டாவிட்டால் கம்பெனி நோட்டீஸ் அனுப்பிப் பங்கைப் பறிமுதல் செய்யலாம். பறிமுதல் ஆகியிருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை, கட்டிய ஐந்தும் போச்சு. அந்தக் காலத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு முகவரியே இல்லாமல் மறைந்த கம்பெனிகளும் உண்டு. "காணாமல் போன கம்பெனிகள்" என்று மத்திய அரசே பட்டியல் எடுத்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் உயிரோடு இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா என்று காட்டும். முப்பது வருடமாக யாரும் கேட்காத ஐந்நூறு ரூபாய்க்காக இனி யாரும் நாகலூருக்கு ஏறி வரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்களாக எதற்கும் கையெழுத்துப் போட்டு, பாக்கியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதாதீர்கள்.

முதல் கம்பெனி விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. டிவிடெண்டை ஏழு வருடம் தொடர்ந்து யாரும் வாங்காமல் விட்டிருந்தால், டிவிடெண்ட் மட்டுமல்ல, பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கம்பெனியிடம் உரிமைக் கடிதம் வாங்கி, ஐஇபிஎஃப்-5 என்ற படிவத்தில் விண்ணப்பித்தால் மீட்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும். "நான் முடித்துத் தருகிறேன், பாதி எனக்கு" என்று கிளம்பும் தரகர்கள் சேலத்திலேயே இருக்கிறார்கள். அரசாங்கம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.


செவ்வாய்ப்பேட்டை காசாளர்:

வங்கியில் கேஷ் கவுண்டரில் காலம் தள்ளியவன் என்பதால் நோட்டையும் நாணயத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, அந்தப் பதினான்கு நோட்டுகளை இன்றே எண்ணிப் பாருங்கள், உண்மையிலேயே பதினான்குதானா என்று. காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, நோட்டில் குறித்த தொகைக்கு அது நாடெங்கும் செல்லும், அதற்கு மத்திய அரசு உத்தரவாதம். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, அரசு அறிவிக்கை வெளியிட்டு அந்தச் செல்லுபடியை எடுத்துவிடவும் வழி வைத்திருக்கிறது. 1946-இலும் 1978-இலும் பெரிய நோட்டுகளின் செல்லுபடியை அவசரச் சட்டம் போட்டு எடுத்தார்கள். அவை நம் வீடுகளில் இருந்த நோட்டுகள் இல்லை என்பதால் யாருக்கும் ஞாபகமில்லை. 2016 நவம்பர் 8 யாருக்கும் மறக்காது. அந்த வாரம் எங்கள் கிளை வாசலில் நின்ற வரிசை லீ பஜார் பக்கம் திரும்பிப் போனது. மூட்டை தூக்குபவர், ஜவ்வரிசி மண்டிக்காரர், கொலுசுக்கு வளையம் ஊதும் பெண்கள், எல்லோர் கையிலும் அதே நோட்டு. எண்ணி எண்ணி விரல் நுனி கறுத்துவிட்டது.

பிறகு 2017-இல் தனிச்சட்டம் வந்தது. 2016 டிசம்பர் 31 முதல் அந்த நோட்டுகள் ரிசர்வ் வங்கியின் கடனே அல்ல, அரசின் உத்தரவாதமும் இல்லை. கணக்கர் ஐயா சொன்ன வாக்குறுதி அன்றோடு தீர்ந்தது. காகிதம் அதே காகிதம், எண் அதே எண். அந்தச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்து நோட்டுகளுக்கு மேல் வைத்திருப்பதோ கைமாற்றுவதோ குற்றம். ஆராய்ச்சிக்கோ நாணயவியல் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்துவரை விடுவார்கள். மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய்வரை, அல்லது நோட்டுகளின் முக மதிப்பைப் போல் ஐந்து மடங்குவரை, எது அதிகமோ அது. உங்கள் பதினான்கு நோட்டுக்கு முக மதிப்பு ஏழாயிரம், ஐந்து மடங்கு முப்பத்தைந்தாயிரம். கடையில் கொடுத்தால் ஒரு டீ கிடைக்காது. அபராதம் போடும்போது மட்டும் அந்த எண்ணுக்கு உயிர் வந்துவிடுகிறது. சேகரிப்பாக வைத்துக்கொள்வதானால் அப்படியே வையுங்கள். இல்லையென்றால் பத்துக்கு மேல் வீட்டில் இருக்கவேண்டாம். "அதிக விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்று யூடியூபில் எண் கொடுப்பவர்களைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.

இதோடு இரண்டாயிரம் ரூபாய் நோட்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023 மே 19-இல் அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாகத்தான் ரிசர்வ் வங்கி அறிவித்தது. செல்லுபடியை எடுக்கவில்லை.

தஞ்சை நாணயம் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியிட்டது. சட்டப்படி அது ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அரசு நாணயச்சாலையே அதை ஆயிரத்துக்கு விற்கவில்லை, கூடுதல் விலை வைத்துச் சேகரிப்பாளர்களுக்குத் தந்தது. மளிகைக் கடையில் நீட்டாதீர்கள்.

நாணயத்துக்கு நோட்டுக்கு இல்லாத ஓர் எல்லையும் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய்வரைதான் சட்டப்படி செல்லும். எட்டணா என்றால் பத்து ரூபாய்வரை. 2022 மார்ச்சில் நம் சேலத்து இளைஞர் ஒருவர் ஒரு ரூபாய் நாணயங்களாகவே கொண்டுபோய் 2.6 லட்சம் ரூபாய்க்குப் பைக் வாங்கினாரே, ஊரே பேசியது. அந்த ஷோரூம்காரர் மனசு வைத்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். முடியாது என்றிருந்தால் சட்டம் அவர் பக்கம்.

பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பது மட்டும் வெறும் வதந்தியின் வேலை. பதினான்கு வடிவங்களும் செல்லும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லிவிட்டது. மலையில் ஏரிக்கரைக் கடை ஒன்றில் என்னிடமே "இது செல்லாது" என்றார்கள். பேரனுக்கு வாங்கிய சோளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.


கொலுசுப் பட்டறை:

செவ்வாய்ப்பேட்டைக்காரர் என்பதால் நானும் ஒரு வார்த்தை. அந்தத் தஞ்சை நாணயம் 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. 28 கிராம் சுத்த வெள்ளி என்றாலே இன்றைய விலையில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். யாராவது "ஆயிரம் ரூபாய் நாணயம், இந்தா ஆயிரம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் பட்டறைக்குப் பழைய ராணித்தலை ரூபாய் இன்றும் வரும். 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. அதில் இருக்கும் "ஒரு ரூபாய்" என்ற எழுத்தை யாரும் படிப்பதில்லை, தராசில் போட்டுவிடுவோம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உரைத்தால் தெரிந்துவிடும். ஆனால் தஞ்சை நாணயத்தை உருக்கித் தா என்று கேட்டால் நான் தொடமாட்டேன். இன்றைய அரசின் நாணயத்தை உருக்குவது நாணயச் சட்டத்தில் குற்றம், ஏழு வருடம்வரை சிறை.


நாகலூர் மிளகுக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. நோட்டுகளை எண்ணிவிட்டேன், பதினான்குதான். பதிவாளருக்குக் கடிதம் பதிவுத் தபாலில் போய்விட்டது. தம்பியிடம், பத்து ரூபாய் விலைக்கு என் பங்கை விற்க விருப்பமில்லை, அதே விலைக்கு அவன் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.


ஒண்டிக்கடை:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. அலமாரியில் வைத்திருந்த இருநூறு ரூபாய் நோட்டுகள் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. முக்கால் பாகம் இருக்கிறது. முக்கால் மதிப்பு கிடைக்குமா?


செவ்வாய்ப்பேட்டை காசாளர்:

முக்கால் மதிப்பு என்று ஒன்று கிடையாது. முழுசு, பாதி, இல்லை என்ற மூன்றுதான். ஐம்பது ரூபாயும் அதற்கு மேற்பட்ட நோட்டும் என்றால், இருப்பதில் பெரிய துண்டு நோட்டின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 40-க்கும் 80-க்கும் இடையில் என்றால் பாதி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்ட நோட்டுகளுக்குப் பாதிக்கு மேல் இருந்தாலே முழு மதிப்பு. இருநூறு ரூபாய் நோட்டு வந்த புதிதில் இந்த விதியில் அது இல்லவே இல்லை, 2018-இல்தான் சேர்த்தார்கள்.

ஆக உங்கள் முக்கால் நோட்டுக்கு நூறு ரூபாய் வரும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஓரத்தை வெட்டிச் சீர்படுத்தாதீர்கள். கண்ணாடி உறையில் போட்டுப் பக்கத்தில் இருக்கும் எந்த வங்கிக் கிளையிலும் கொடுக்கலாம். அவர்களால் முடிவு செய்ய இயலாவிட்டால் கரன்சி செஸ்ட், அதாவது ரிசர்வ் வங்கியின் பண இருப்பு, உள்ள கிளைக்கு அனுப்பிவைப்பார்கள், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.